பாணில் ஏறிய இறால்

பாண் என்ற சொல்லை யாழ்ப்பாணத்தவர் எவரும் அந்நியச் சொல்லாக எண்ணுவதில்லை. தமிழகத்திலிருந்து வரும் நண்பர்தான் கடை வாசலில் அதைக் கேட்டுத் திகைப்பார். போத்துக்கீசர் நம்மிடம் விட்டுப்போன சொற்களில் அலுமாரி, யன்னல், கதிரை, மேசை என்பவற்றோடு இதுவும் ஒன்று. யப்பானியர் பாணைப் 'பன்' என்கிறார்கள். அவர்களுக்கும் அதைக் கொடுத்தவர்கள் அதே போத்துக்கீசர்தான். சொற்கள் கப்பலில் வந்தபோது பண்டங்களும் கூடவே வந்தன. ஆகையால், இலக்கிய நிகழ்ச்சியில் சமையற்கட்டுப் பேச்சு எதற்கு என்று நேயர்கள் முகம் சுளிக்க வேண்டியதில்லை. பாணின் மேல் இறாலை அரைத்துப் பூசி, எள்ளுத் தூவி, மொறுமொறுப்பாகப் பொரித்தெடுக்கும் ஒரு சிற்றுண்டியின் சரித்திரத்தையே இன்று பார்க்கப்போகிறோம்.

அதன் தாயகம் தென்சீனத்துக் குவாங்டொங் மாகாணம். அங்குள்ளவர்கள் அதை 'ஹா தோ சி' என்பர். 'ஹா' என்றால் இறால். 'தோ சி' என்பது சீனச் சொல்லே அல்ல; ஆங்கிலேயரின் 'ரோஸ்ட்' சீன நாவில் புரண்டு அப்படியாயிற்று. அந்தப் பெயரே அதன் வயதையும் காட்டிக் கொடுக்கிறது. ஆங்கிலேயர் காலையில் வாட்டித் தின்னும் பாண் துண்டைச் சீனச் சமையற்காரன் கண்டு பழகிய பிறகே இது பிறந்திருக்க முடியும். 1842 இல் ஹொங்கொங் பிரித்தானியர் கைக்குப் போனது, துறைமுகங்கள் திறந்தன. அந்தக் கலப்பின் பிள்ளைதான் இது. அரண்மனை விருந்தின் வழிவந்தது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

யப்பானின் நாகசாகி நகரத்திலும் இதே பண்டம் 'ஹாதோசி' என்ற பெயரோடு இருக்கிறது. மெய்ஜி காலத்தில் சீனரிடமிருந்து அங்கே போய்ச் சேர்ந்தது. அவர்கள் இரண்டு பாண் துண்டுகளுக்கு நடுவே இறாலை வைத்துப் பொரிக்கிறார்கள். நாகசாகியும் யாழ்ப்பாணமும் ஒருவகையில் உடன்பிறப்புகள் என்பேன். 1571 முதல் நாகசாகித் துறையில் போத்துக்கீசக் கப்பல்கள் நின்றன. 1641 முதல் அங்கே ஒல்லாந்தர் ஒரு சிறு செயற்கைத் தீவில் அடைபட்டு வாணிபம் செய்தனர். இங்கே 1619 இல் யாழ்ப்பாண அரசு போத்துக்கீசரிடம் வீழ்ந்தது. 1658 இல் ஒல்லாந்தர் வந்தனர். வந்தவர்கள் அதே இருவர், வந்த வரிசையும் அதே வரிசை. அங்கே பாணின் மேல் இறால் ஏறிவிட்டது, இங்கே ஏறவில்லை. நமக்குக் கடலும் இருந்தது, இறாலும் இருந்தது, பாணும் இருந்தது. குறைந்தது அந்தச் சீனச் சமையற்காரன் ஒருவனே.

சீனர் நம் தீவகத்துக்கு வராதவர்கள் என்றும் சொல்லிவிட முடியாது. ஊர்காவற்றுறைக்கு அருகே அல்லைப்பிட்டியில் 1970களின் பிற்பகுதியில் சீன மட்பாண்டத் துண்டுகள் வெளிப்பட்டன. 2018 இல் சாங்காய் அரும்பொருளகத்தாரும் இலங்கை மத்திய கலாசார நிதியத்தாரும் மீண்டும் அங்கே அகழ்ந்தபோது நூற்றுக்கணக்கில் கிடைத்தன. பதினோராம் நூற்றாண்டின் பிற்பகுதி, பன்னிரண்டாம் நூற்றாண்டின் தொடக்கம் என்று காலம் கணிக்கப்பட்ட அவற்றுள் பெரும்பாலானவை குவாங்டொங் சூளைகளில் சுட்டவை. இறாற் பாண் பிறந்த அதே மாகாணம்! பண்டம் வருவதற்கு எண்ணூறு ஆண்டுகளுக்கு முன்னரே அதை வைக்கும் கிண்ணம் வந்துவிட்டது என்று வேடிக்கையாகச் சொல்லலாம். நயினாதீவிலே கிடைத்த முதலாம் பராக்கிரமபாகுவின் தமிழ்ச் சாசனம், ஊராத்துறைக்கு வரும் பரதேசிகளைக் காக்க வேண்டும் என்றும், யானை குதிரை ஏற்றிவந்த மரக்கலம் உடைந்தால் காற்பங்கு அரச பண்டாரத்துக்கு, முக்காற்பங்கு உடையவருக்கு என்றும் விதி செய்கிறது. வாணிபச் சரக்கு ஏற்றி வந்த கப்பலாயின் சரிபாதி. அந்த ஊராத்துறைதான் இன்றைய ஊர்காவற்றுறை. அதன் மறுபெயராகிய 'கயிற்ஸ்' கூடப் போத்துக்கீச மொழியில் துறைமேடையைக் குறிக்கும் சொல்லின் திரிபு. ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் இடையே கடலுக்குள் நிற்கும் கோட்டைக்கு ஒல்லாந்தர் இட்ட பெயரோ 'ஹமன்ஹீல்'. இலங்கையின் வடிவம் ஒரு பன்றித் தொடையைப் போலிருக்கிறதென்றும் கோட்டை அதன் குதிக்காலில் நிற்கிறதென்றும் அவர்களுக்குத் தோன்றியது. தேசப்படத்திலும் உணவையே கண்டவர்கள்!

அந்த ஊர்காவற்றுறைத் துறையிலிருந்து மேற்கே படகேறினால் எழுவைதீவு. இரண்டு சதுர கிலோமீற்றர்கூட இல்லாத நிலம். பனை, பரவைக்கடல், வலை. இங்கு விருந்தென்றால் பழைய முறையில் அது ஒடியற் கூழ்தான். மீனும் நண்டும் இறாலும் ஒரே பானையில் கொதிக்க, சுற்றியிருந்து பிளாவில் குடிப்பது. தட்டில் வைத்து நீட்டும் சிற்றுண்டி பிந்தி வந்தது. கோதுமை இலங்கையில் விளைவதில்லை. இரண்டாம் உலகப் போரில் பர்மா அரிசி நின்றுபோன பின்னரே மா இறக்குமதி பெருகி, பாண் ஏழை வீட்டுக்கும் அன்றாட உணவாயிற்று. எழுபதுகளின் முற்பகுதியில் பாணுக்கு விடியற்காலையில் வரிசையில் நின்றவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கொழும்பிலிருந்து கட்லட், பற்றீஸ், 'சைனீஸ் றோல்ஸ்' என்பன வந்து பிறந்தநாள், சாமத்தியச் சடங்குத் தட்டுகளில் இடம் பிடித்தன. பெயரில் சீனம் இருந்தாலும் நமது றோல்ஸுக்குள் இருப்பது நம் உருளைக்கிழங்கும் மிளகும்தான்.

இறாற் பாண் தீவகத்துக்கு வரும் வழி இன்னும் சுற்றுவழி. இலண்டனில் சீனர் நடத்தும் சாப்பாட்டுக் கடைகளில் எள்ளுத் தூவிய இறாற் பாண் நெடுங்காலமாக வழக்கமான பண்டம். தீவகத்திலிருந்து புலம்பெயர்ந்தவர்களின் பிள்ளைகள் அதைத் தின்று வளர்ந்தவர்கள். கோயில் திருவிழாவுக்கு ஊர் வரும்போது அப்பம்மாவிடம் கேட்பது அதைத்தான். குவாங்டொங்கிலிருந்து நேரே வந்திருக்க வேண்டியது இலண்டனைச் சுற்றி வருகிறது.

செய்வது கடினமன்று. ஆனால் காரணம் தெரியாமல் செய்தால் எண்ணெய் குடித்த பாணே மிஞ்சும். அன்று சுட்ட பாண் உதவாது. முதல்நாட் பாண் வேண்டும். ஈரம் வற்றிய பாண் வெட்டும்போது சிதையாது, எண்ணெயையும் அதிகம் உறிஞ்சாது. அச்சுப் பாணில் ஆறு துண்டு எடுத்துக் கரையை வெட்டிவிட வேண்டும். கோது கழற்றி, முதுகு நரம்பு நீக்கிய இறால் கால் கிலோ. பாதியை அம்மியில் அரைத்து மீதியைப் பொடியாகக் கொத்திக் கலக்கினால் வாயில் கடிபடும். இறாலைக் கழுவியபின் துணியில் ஒற்றி நீரை எடுக்க மறக்கக்கூடாது. உப்பை முதலில் போட்டு, கையால் ஒரே பக்கமாகப் பிசைய வேண்டும். உப்பு பட்டதும் இறாலின் புரதம் கரைந்து பசையாகும், அந்தப் பசைதான் பாணைப் பற்றிக்கொள்வது. பிறகு ஒரு முட்டையின் வெள்ளைக்கரு, ஒரு மேசைக்கரண்டி சோளமா, மிளகு, இஞ்சி, வெங்காயத்தாள். வெங்காயத்தாள் கிடைக்காவிட்டால் சின்ன வெங்காயத்தை அரிந்து பிழிந்து போடலாம். சீனர் பன்றிக் கொழுப்பும் சிறிது சேர்ப்பர். தீவகத்தில் அதற்குத் தேவையில்லை. ஓரம் வரை பூசி, எள்ளில் அமர்த்தி, முக்கோணமாக நான்காக வெட்டினால் இருபத்துநான்கு. எள்ளு நமக்குப் புதிதல்ல, பெண் பிள்ளைக்கு எள்ளுப்பாகு இடித்த கைகள்தானே! தாச்சியில் எண்ணெய் காய்ந்ததும் ஒரு பாண் துணுக்கைப் போட்டால் அது கருகாமல் உடனே மேலெழ வேண்டும். இறால் பக்கம் கீழே இருக்கும்படி இட்டு இரண்டு நிமிடம் விட வேண்டும். பாண் பக்கத்தை முதலில் போட்டால் இறால் வேகும் முன் பாண் கரியாகிவிடும். திருப்பியபின் அரை நிமிடம் போதும்.

இதற்குப் பெரிய இறால் தேவையில்லை என்பதை நான் அழுத்திச் சொல்வேன். அதற்குக் காரணம் உண்டு. ஒரு காலத்தில் பரவைக்கடலில் களங்கண்டி வலையில் பட்ட இறால் வீட்டுக் கறிக்கும் கருவாட்டுக்கும் போனது. உலகச் சந்தை இறாலுக்குப் பொன்விலை வைத்ததும் நிலைமை மாறியது. 1950களிலிருந்து தமிழகக் கரையில் இழுவைப்படகுகள் பெருகின. அவை அடியை வாரிய கடலில் இறாலோடு குஞ்சும் பாசியும் போயின. 1974 இலும் 1976 இலும் இரு நாடுகளும் கடலெல்லை வகுத்தன, ஆயினும் மடி எல்லை பார்ப்பதில்லை. 1990களின் தொடக்கத்தில் தீவகத்தின் பெரும்பகுதி படையினர் வசமானபின் மக்கள் பெருந்தொகையாக இடம்பெயர்ந்தனர். மீன்பிடித் தடைகள் நெடுநாள் நீடித்தன. 2009 இன் பின் வலையோடு கடலுக்குத் திரும்பியவர்கள், இரவில் எதிரே இழுவைப்படகின் வெளிச்சத்தைக் கண்டார்கள். 2017 இல் இலங்கைச் சட்டம் இழுவைமடித் தொழிலைத் தடைசெய்தது. அதன் பின்னும் வலை அறுந்ததென்ற முறைப்பாடுகள் ஓயவில்லை. அறுப்பவனும் தமிழன், அறுபடுவதும் தமிழனின் வலை என்பதால் இதைப் பேசவே பலர் கூசுகிறார்கள். பேசத்தான் வேண்டும்.

இப்போது துறையில் நல்ல இறால் பனிக்கட்டிப் பெட்டிக்குள் போய்க் கொழும்புக்கும் அதற்கு அப்பாலும் ஏறிவிடுகிறது. பிடித்தவன் வீட்டுக்கு வருவது தரம் பிரித்தபின் மிஞ்சிய சின்னதும் தலை முறிந்ததும். அரைத்துப் பூசும் இந்தப் பண்டத்துக்கு அவை தாராளமாகப் போதும். கால் கிலோவில் இருபத்துநான்கு துண்டு. பிள்ளைகளின் கூட்டத்துக்கு நடுவே தட்டை வைத்தால், நாலு பேருக்குக் கறியாகவும் காணாத இறால் ஒரு வீட்டுக்குப் போதுமானதாகிவிடும்.