உரோமப் பொன் நாணயங்களில் உருவமும் வேற்றுமையும்

உரோமப் பேரரசர் கிளாடியஸ் (கி.பி. 41–54) வெளியிட்ட 'அவுரியஸ்' எனப்படும் பொன் நாணயங்களுள் ஒரு வகையின் பின்புறத்தில், சிறகுடைய பெண்ணொருத்தி நடந்து செல்வதாகப் பொறிக்கப்பட்டுள்ளது. ஒரு கையால் மார்பருகே ஆடையின் மடிப்பைப் பற்றியிருக்கும் அவள், மறு கையிலுள்ள தூதுக்கோலை முன்னே ஊரும் பாம்பை நோக்கித் தாழ்த்துகிறாள். சிறகு வெற்றித் தெய்வத்திற்கும், கோல் மெர்க்குரிக்கும், பாம்பு நலத் தெய்வத்திற்கும், ஆடையைப் பற்றும் செய்கை நெமெசிசுக்கும் உரியவை. இத்தனையும் ஓருருவிற் கூடியமையால், உருவத்தை மட்டுங்கொண்டு அவள் யாரெனத் துணிதல் அரிது. சுற்றியுள்ள 'பாக்கி அகஸ்டே' என்னும் எழுத்துப்பொறிப்பே அதனைத் தெளிவிக்கிறது. அவள் 'பாக்ஸ்', அதாவது அமைதி.

அமைதி ஏன் பெண்ணாயிற்று? 'பாக்ஸ்' இலத்தீனிற் பெண்பாற்சொல். 'ஹோனோஸ்' (பெருமை) ஆண்பாற்சொல். ஆகவே நாணயங்களில் ஆடவனாக வரும். 'விர்' (ஆடவன்) என்னும் அடியிற் பிறந்த 'விர்ட்டுஸ்' (வீரம்) கூட, பெண்பாற்சொல்லாதலின், தலைச்சீரா அணிந்த பெண்ணாக வருவது சுவையானது. சொல்லின் பால் உருவின் பாலை வகுத்துவிட்டது. தமிழில் பால் பொருள்பற்றியது, 'அமைதி' அஃறிணை. எனவே உருவத்தையும் சொல்லையும் ஒருங்கே காட்ட விரும்பும் மொழிபெயர்ப்பாளர், நிலமகள், கலைமகள் என்பன போல 'அமைதிமகள்' என்றே ஆக்கவேண்டியிருக்கும்.

இதனினும் நுட்பமானது வேற்றுமை. விளக்கக் குறிப்புகளில் இப்பொறிப்பை 'அமைதித் தெய்வம்' எனப் பெயரளவில் தருவது எளிது; ஆனால் அது பிழை. 'பாக்கி' எழுவாயன்று, நான்காம் வேற்றுமை. அதுவும் கொடைப்பொருளில் வந்தது. உரோமில் கி.மு. 9இல் அமைதிக்குப் பலிபீடம் ஒன்று அர்ப்பணிக்கப்பட்டது; நேர்ச்சைக் கல்வெட்டுகளில் தெய்வப்பெயர் பெரும்பாலும் இவ்வேற்றுமையிலேயே நிற்கும். நாணயம் இங்குப் பலிபீடத்தின் மொழியைப் பேசுகிறது. உருவத்திற்குப் பெயர் சூட்டாமல், அவ்வுருவிற்குப் படைக்கிறது.

கிளாடியசின் மற்றொரு பொன் நாணயத்தில் 'கான்ஸ்டான்டியே அகஸ்டி' என்றுள்ளது. நிலைகுலையாமை என்னும் பண்பு, அமர்ந்த பெண்ணாக, வலக்கையை முகத்தருகே உயர்த்தியிருக்கிறது. 'கான்ஸ்டான்டியே' என்னும் வடிவம் ஆறாவதற்கும் நான்காவதற்கும் பொது. 'பாக்கி'யில் அவ்வையம் இல்லை. ஆறாவதாயின் 'பாக்கிஸ்' என்றிருக்கும். ஒரே பேரரசரின் வெளியீடுகளாதலின், ஐயமற்றதைத் துணையாகக் கொண்டு ஐயமுள்ளதையும் நான்காவதாகக் கொள்வதே பொருத்தம்.

அடுத்து நிற்கும் சொற்களும் ஒன்றல்ல. 'அகஸ்டே' பெயரடை: 'அகஸ்டிய அமைதிமகளுக்கு'. 'அகஸ்டி' ஆறாம் வேற்றுமைப் பெயர்: 'அகஸ்டசின் நிலைகுலையாமைக்கு'. முன்னதில் அடைமொழி தெய்வத்தைச் சார்ந்தது. பின்னதில் பண்பு அரசனுடைய உடைமை. பிற்கால நாணயங்கள் பலவற்றில் இச்சொல் முதல் மூன்றெழுத்துகளாகச் சுருங்கி இவ்வேறுபாட்டை மறைத்துவிடுகிறது. தமிழிலோ இரண்டிலொன்றைத் தேர்ந்தே ஆகவேண்டும். அதே அரசனின் வேறு நாணயத்தில் சொல் முழுமையாக இருப்பின் அதனைப் பின்பற்றலாம். இல்லையெனில் இரு பாடங்களையும் தருவதே நேர்மை.