தரங்கம்பாடிச் சிறையும் தமிழ் வேதமும்

இறைவனைச் சார்ந்து வாழ்தல் என்பது துன்பம் தீண்டாத வாழ்வைப் பெறுதல் அன்று. பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தரங்கம்பாடியில் வாழ்ந்த பர்த்தலோமேயு சீகன்பால்கு ஐயரின் வரலாறு இவ்வுண்மையைத் தெளிவுற விளக்குகிறது.

சாக்சனி நாட்டுப் புல்ஸ்னிட்ஸ் என்னும் சிற்றூரில் 1682ஆம் ஆண்டு பிறந்த அவர், இளமையிலேயே பெற்றோரை இழந்தார். இறக்கும் தறுவாயில் அவருடைய அன்னை தம் மக்களை அழைத்து, அவர்களுக்கென ஒரு செல்வத்தை விவிலியத்தினுள் வைத்துச் செல்வதாகக் கூறினார் என்பர். நோய் வாய்ப்பட்ட உடலும், அன்னை சுட்டிய அச்செல்வமுமே அவருடைய முதுசொம்.

டென்மார்க் அரசர் நான்காம் பிரெடெரிக்கின் ஆணைப்படி, தோழர் புளூட்சோவுடன் 1706 ஜூலை 9ஆம் நாள் தரங்கம்பாடியில் கரையிறங்கினார். அரசரின் ஆணை கையில் இருந்தும் கோட்டைத் தலைவர் ஹாசியஸ் அவர்களை வரவேற்கவில்லை. சீகன்பால்கு மனந்தளராது, திண்ணைப் பள்ளிச் சிறுவரோடு அமர்ந்து மணலில் எழுத்துப் பயின்றார். இரண்டாண்டுகளுக்குள் நூற்றுக்கு மேற்பட்ட தமிழ்ச் சுவடிகளைத் திரட்டி, அவற்றுக்கு ஓர் அட்டவணையும் வகுத்தார்.

1708ஆம் ஆண்டு சோதனைகளின் ஆண்டாயிற்று. ஐரோப்பாவிலிருந்து அனுப்பப்பட்ட பணம் கரை சேரும் வேளையில் கடலில் மூழ்கியது. அக்டோபரில் புதிய ஏற்பாட்டைத் தமிழாக்கத் தொடங்கிய அவர், அடுத்த மாதமே சிறைப்பட்டார். கைம்பெண் ஒருத்தியின் வழக்கில் அவளுக்காகப் பரிந்து பேசியதே ஹாசியஸின் சினத்திற்குக் காரணம். ஏறத்தாழ நான்கு மாதங்கள் கோட்டைக்குள் அடைபட்டிருந்தார். முதலில் எழுதுகருவிகளும் மறுக்கப்பட்டன. அவை கிடைத்தபின் சிறையிலேயே சமய நூல்களை இயற்றினார். 1709இல் விடுதலை பெற்றவர், விட்ட இடத்திலிருந்து மொழிபெயர்ப்பைத் தொடர்ந்து 1711 மார்ச்சில் முடித்தார்.

ஏட்டில் முடிந்தது அச்சேற வேண்டுமே! இங்கிலாந்திலிருந்த கிறித்தவ அறிவு வளர்ச்சிக் கழகம் அச்சுப்பொறி ஒன்றை அனுப்பியது. அதனை ஏற்றி வந்த கப்பலைப் பிரேசில் கரையருகே பிரெஞ்சுக்காரர் கைப்பற்றினர். பொறி மீட்கப்பட்டது, உடன் வந்த அச்சுப் பணியாளரோ வழியில் மாண்டார். ஜெர்மனியின் ஹாலே நகரில் வார்க்கப்பட்டு வந்த தமிழ் எழுத்துகள் பெரியனவாக இருந்தமையால் தாள் போதவில்லை. உடனே உள்ளூரிலேயே சிறிய எழுத்துகள் வார்க்கப்பட்டன. 1714இல் நற்செய்தி நூல்களும் அப்போஸ்தலர் நடபடிகளும், 1715இல் எஞ்சிய பகுதியும் வெளிவந்தன. இந்திய மொழியொன்றில் அச்சான முதற் புதிய ஏற்பாடு இதுவே.

ஒவ்வொரு தடைக்குப் பின்னும் அவர் செய்தது இரண்டு: மன்றாடினார்; மறுபடி வேலைக்கு அமர்ந்தார். ஆண்டவர் பார்த்துக்கொள்வார் என்று கைகட்டி இருக்கவுமில்லை. தம் முயற்சியே எல்லாம் என்று தருக்கவுமில்லை. இவ்விரண்டுக்கும் இடையே அமைந்தது அவருடைய விசுவாசம்.

ஆயினும் அவ்விசுவாசம் அவர் துயரை முற்றும் துடைத்துவிடவில்லை என்பதையும் மறைத்தல் ஆகாது. 1718இல் புதிய எருசலேம் ஆலயம் எழுந்தது. அந்நாளில் கோபன்ஹேகனில் பணிக்குழுவை நடத்திய வெண்ட், கட்டடங்களுக்குப் பொருள் செலவிடுவதைக் கண்டித்துக் கடுமையாக எழுதினார். பகைவரின் சிறையைத் தாங்கிய உள்ளத்தை உடன் ஊழியரின் சொல் வருத்தியது. ஏற்கெனவே நலிந்திருந்த உடல் மேலும் தளர்ந்தது. 1719 பிப்ரவரி 23ஆம் நாள், தம் முப்பத்தாறாம் வயதில் அவர் மறைந்தார். பழைய ஏற்பாட்டின் தமிழாக்கம் ரூத்தின் ஆகமத்தோடு நின்றிருந்தது. பின்வந்த சூல்ச்சு ஐயர் அதனை நிறைவேற்றினார்.

தொடங்கியதைத் தாமே முடிக்கும் பேறு அவருக்கு வாய்க்கவில்லை. தாம் விடுவதை இறைவன் பிறர் கையால் முடிப்பார் என்னும் நம்பிக்கை மட்டும் வீண்போகவில்லை. அவர் உடல் அப்புதிய எருசலேம் ஆலயத்திலேயே அடக்கம் செய்யப்பட்டது. அவர் அச்சேற்றிய தமிழ் வேதமோ அலைகடல் கடந்தும் சென்றது.