ஒரே ஜன்னல், ஒரு செடி

1959 மார்ச் 11 அன்று நியூயார்க்கின் எத்தல் பேரிமோர் அரங்கில் 'எ ரெய்சின் இன் தி சன்' நாடகம் மேடையேறியது. கறுப்பினப் பெண் ஒருவர் எழுதிய நாடகம் பிராட்வேக்கு வந்தது அதுவே முதல்முறை. எழுதிய லொரைன் ஹான்ஸ்பெரிக்கு அப்போது வயது 28. நாடகம் 530 முறை நடந்தது.

இந்த நாடகத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் தவறாமல் ஒரு செடியைச் சொல்வார்கள். சிக்காகோவின் தென்பகுதியில் ஒரு நெருக்கடியான வாடகை வீட்டில் லீனா யங்கர் என்ற விதவைத் தாய் ஜன்னலோரம் வைத்து வளர்க்கும் தொட்டிச் செடி. நோஞ்சான் செடி, ஆனாலும் சாகாமல் இருக்கிறது. செடி என்றால் நம்பிக்கை, செடி என்றால் கனவு என்று எழுதினால் பள்ளித் தேர்வில் முழு மதிப்பெண் கிடைத்துவிடும். தப்பில்லை. ஆனால் அதோடு நின்றுவிட்டால் ஒரு சாதாரணக் கேள்வியைக் கேட்காமலே விட்டுவிடுவோம். செடி ஏன் இப்படி வாடிக் கிடக்கிறது? வெயில் போதவில்லை. ஏன் போதவில்லை? அந்த வீட்டுக்கே ஒரே ஒரு சின்ன ஜன்னல்தான். அது ஏன் அப்படி?

அந்தக் கடைசிக் கேள்விக்குப் பதில் சிக்காகோவின் வரலாற்றில் இருக்கிறது. 20ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில் அமெரிக்கத் தென்மாநிலங்களிலிருந்து கறுப்பின மக்கள் கூட்டங்கூட்டமாக வடக்கு நகரங்களுக்கு வந்தார்கள். சிக்காகோவில் அவர்கள் குடியிருக்க முடிந்தது ஒரு குறுகலான பகுதியில் மட்டும். மற்ற இடங்களில் வெள்ளையர்கள் தங்களுக்குள் ஒப்பந்தம் எழுதிக்கொண்டார்கள். இந்த வீட்டைக் கறுப்பருக்கு விற்கவோ வாடகைக்கு விடவோ கூடாது என்பது அதன் சாரம். நீதிமன்றங்களும் அதைச் சட்டமாகவே அமல்படுத்தின. ஆட்கள் பெருகினார்கள், இடம் பெருகவில்லை. வீட்டு முதலாளிகள் பெரிய வீடுகளைத் துண்டு போட்டார்கள். ஓர் அறை, மூலையில் ஓர் அடுப்பு, நடைபாதையில் பலருக்கும் பொதுவாக ஒரு கழிப்பறை. இதற்குக் 'கிச்சனெட்' என்று பெயர்.

யங்கர் குடும்பத்தின் வீட்டிலுள்ள சாமான்களை இதை வைத்துப் பார்த்தால் ஒவ்வொன்றும் பேசும். ஒரு காலத்தில் ஆசையாகத் தேர்ந்தெடுத்து வாங்கிய நாற்காலிகள் இப்போது களைத்துப்போய்க் கிடக்கின்றன. கம்பளம் தேய்ந்த இடத்தை மறைக்க மேசையை நகர்த்திப் போட்டிருக்கிறார்கள். பேரன் டிராவிஸ் ராத்திரியில் சோபாவில்தான் படுக்கிறான். பெரியவர்கள் பேசி முடிக்கும்வரை அவனுக்குத் தூக்கம் கிடையாது. காலையில் பசியாறுவதற்கு முன்பே பக்கத்து வீட்டுக்காரர்களை முந்திக்கொண்டு கழிப்பறைக்கு ஓட வேண்டும். லீனாவும் அவள் கணவனும் புதுசாகக் கல்யாணமாகி அந்த வீட்டுக்குள் நுழைந்தபோது ஒரு வருஷத்துக்கு மேல் தங்குவதில்லை என்றுதான் நினைத்திருந்தார்கள். இதில் எதுவும் அலங்காரத்துக்காக மேடையில் வைத்ததில்லை.

ஹான்ஸ்பெரிக்கு இந்த வீடுகள் எப்படித் தெரியும்? அவர் அங்கே வாடகைக்கு இருந்தவர் இல்லை. சொல்லப்போனால், அந்த வீடுகளின் முதலாளி மகள். அப்பா கார்ல் ஹான்ஸ்பெரி பெரிய வீடுகளைக் கிச்சனெட்டுகளாகப் பிரித்து வாடகைக்கு விட்டுச் செல்வந்தரானவர். ஊரில் அவருக்குக் 'கிச்சனெட் ராஜா' என்றே பட்டப்பெயர். பொருளாதார மந்தக் காலத்தில் ஐந்து வயது லொரைனுக்கு வெள்ளை ஃபர் கோட்டு மாட்டிப் பாலர் பள்ளிக்கு அனுப்பினார்கள். மற்ற பிள்ளைகள் பிடித்து அடித்தார்கள். ஒரு பொருள் ஒருவரை எந்தப் பக்கத்தில் நிறுத்திவிடும் என்பதை அவர் அந்த வயதிலேயே உடம்பால் அறிந்துகொண்டார்.

அதே அப்பாதான் 1937இல் வெள்ளையர் பகுதியில் ஒரு வீட்டை வாங்கி ஒப்பந்தத்தை மீறினார். கும்பல் வீட்டைச் சூழ்ந்தது. உள்ளே வீசப்பட்ட கல் சிறுமி லொரைனை மயிரிழையில் தவறவிட்டது. அப்பா வழக்குக்காக வாஷிங்டனில் இருந்த இரவுகளில் அம்மா குண்டு நிரப்பிய ஜெர்மன் கைத்துப்பாக்கியோடு பிள்ளைகளுக்குக் காவல் இருந்தார். இல்லினாய் உச்ச நீதிமன்றம் அவர்களுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. 1940இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. ஆனால் அந்த வெற்றி நடைமுறைச் சிக்கல் ஒன்றை வைத்துக் கிடைத்தது. இப்படிப்பட்ட ஒப்பந்தங்களை நீதிமன்றங்கள் அமல்படுத்தக் கூடாது என்ற தீர்ப்பு 1948இல்தான் வந்தது. அதைப் பார்க்க கார்ல் உயிரோடு இல்லை. அமெரிக்காவே வேண்டாம் என்று குடும்பத்தோடு மெக்சிகோவில் குடியேற ஏற்பாடு செய்துகொண்டிருந்தபோது 1946இல் அங்கேயே இறந்துபோனார்.

கிச்சனெட் வாடகையில் வளர்ந்த கை, கல்லடியையும் பார்த்த கண். இந்த இரண்டும் சேர்ந்துதான் அந்தச் செடியை ஜன்னலோரம் வைத்தன. வெயிலைத் தடுத்தது வெள்ளையரின் ஒப்பந்தம். அந்தத் தடையில் காசு பார்த்தவர்களில் சொந்த அப்பாவும் ஒருவர். நாடகத்தில் அவரைப்போல் ஒரு பாத்திரம் வருவதில்லை. ஆனால் அந்த ஒற்றை ஜன்னலில் அவர் இருக்கிறார்.

நாடகத்தின் கதையை நகர்த்தும் பொருள் இன்னொன்று: 10,000 டாலர் காசோலை. இறந்துபோன கணவரின் ஆயுள் காப்பீட்டுப் பணம். ஓர் ஆளின் உழைப்பும் சாவும் ஒரு துண்டுக் காகிதமாகத் தபாலில் வருகிறது. மகன் வால்டருக்கு அது மதுக்கடை, மகள் பெனீத்தாவுக்கு மருத்துவப் படிப்பு, லீனாவுக்கு ஒரு வீடு. அவள் 3,500 டாலர் முன்பணம் கட்டி வெள்ளையர் பகுதியில் வீடு வாங்குகிறாள். மீதி 6,500ஐ மகனிடம் கொடுக்கிறாள், அதில் 3,000 தங்கையின் படிப்புக்கு. மொத்தத்தையும் கூட்டாளி சுருட்டிக்கொண்டு ஓடுகிறான். அந்தச் சமயம் பார்த்து, நீங்கள் வராமல் இருந்தால் கூடுதல் விலை தருகிறோம் என்று புதிய பகுதியின் பிரதிநிதி வந்து நிற்கிறார். எப்படியோ வால்டர் நிமிர்ந்து மறுத்துவிடுகிறான்.

வீடு மாறப்போகிற சந்தோஷத்தில் பிள்ளைகள் லீனாவுக்குத் தோட்டக் கருவிகள் வாங்கித் தந்திருக்கிறார்கள். பேரன் ஒரு பெரிய தோட்டத் தொப்பி வாங்கியிருக்கிறான். மற்றவர்கள் சிரிக்கிறார்கள், அவளுக்குப் பிடித்திருக்கிறது. மண்வெட்டி பிடிக்க மண் வேண்டும். வாழ்நாள் முழுக்கத் தொட்டி மண்ணோடு மல்லுக்கட்டியவளுக்குப் புது வீட்டின் பின்புறம் துளி நிலம் இருக்கிறது. கடைசியில் எல்லாரும் போன பிறகு லீனா தனியாக அந்த வீட்டைப் பார்த்து நிற்கிறாள், வெளியேறுகிறாள், மறுபடி கதவைத் திறந்துகொண்டு வந்து செடியை எடுத்துக்கொண்டு போகிறாள். திரை.

பலர் இதைச் சுபமான முடிவு என்று எடுத்துக்கொண்டார்கள். ஹான்ஸ்பெரியின் முந்தைய வரைவு ஒன்று வேறு மாதிரி முடிந்தது. புது வீட்டில், இருட்டில், குடும்பம் ஆயுதத்தோடு தாக்குதலை எதிர்பார்த்துக் காத்திருக்கிறது. அம்மாவின் துப்பாக்கி அந்த வரைவில் இருந்தது. மேடைக்கு வந்தபோது அது போய்விட்டது, செடி மட்டும் மிஞ்சியது. கறுப்பினக் குடும்பத்தின் வீட்டில் குண்டு வைக்கப்பட்ட செய்தியைப் பக்கத்து வீட்டுப் பெண் செய்தித்தாளோடு வந்து சொல்லும் காட்சியும் 1959 மேடையேற்றத்தில் வெட்டப்பட்டது. பிந்தைய பதிப்புகளில்தான் அது திரும்பச் சேர்ந்தது.

பார்வையாளர் கண்ணில் படாத அந்தத் துப்பாக்கியையும் செய்தித்தாளையும் சேர்த்துப் பார்த்தால், லீனா கையிலிருக்கும் செடியின் கனம் கூடிவிடுகிறது. புது வீட்டில் ஜன்னல்கள் நிறைய. வெயில் தாராளமாக வரும். கல் வருவதும் அதே ஜன்னல் வழியாகத்தான். லீனாவுக்கு அது தெரியும். தெரிந்துதான் எடுத்துக்கொண்டு போகிறாள்.