சுற்றி வருபவரின் அட்டை

ஜப்பானில் தெருக் காவலருக்கு மக்கள் வைத்திருக்கும் பெயர் 'ஒமாவாரிசான்'. சுற்றி வருகிறவர் என்று பொருள். மரியாதையும் ஒட்டுதலும் சேர்ந்த பெயர். தோக்கியோவின் கிழக்கே இந்தியக் குடும்பங்கள் நெருக்கமாக வாழும் நிஷிகசாயில் பகல் வேளையில் வீட்டு மணி அடித்தால், வெளியே நிற்பவர் இவராக இருக்கலாம். குனிந்து வணக்கம் சொல்வார். கையில் ஓர் அட்டை இருக்கும். வீட்டில் யார் யார், பிறந்த தேதி என்ன, எங்கே வேலை, எந்தப் பள்ளி, தொலைபேசி எண் என்ன, அவசரம் என்றால் யாரைக் கூப்பிடுவது என்று அதில் வரிசையாகக் கட்டங்கள். 'ஜுன்காய் ரென்ராக்கு' அட்டை என்பார்கள். சுற்றிவந்து தொடர்பு வைத்துக்கொள்வதற்கான அட்டை.

பக்கத்து வீட்டு ஜப்பானியப் பாட்டி மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுத்து அதை நிரப்பிக் கொடுத்துவிடுவார். இல்லாவிட்டால், வேண்டாம் என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொள்வார். அவருக்கு இரண்டும் ஒன்றுதான். நம் வீட்டில் அப்படியில்லை. கணவர் வேலைக்குப் போயிருப்பார். மொழி அரைகுறை. வாசலில் போலீஸ். விசாவில் ஏதாவது கோளாறா, குழம்பு வாசனைக்கு யாராவது புகார் கொடுத்தார்களா என்று வயிற்றைக் கலக்கும். அட்டையும் ஒன்று, அதைக் கொண்டுவந்தவரும் ஒருவர். ஒரு வாசலில் அது சாதாரணம், அடுத்த வாசலில் நடுக்கம். இந்த வித்தியாசம் எங்கிருந்து வந்தது என்று பார்க்கப்போனால் ஒன்றரை நூற்றாண்டு பின்னால் போக வேண்டியிருக்கிறது. வெளிநாட்டவர் வாசலுக்கு வரும் அந்த வருகைக்கு வம்சம் இரண்டு.

முதல் வம்சம் ஊராருக்கானது. ஷோகன்கள் ஆண்ட 'எடோ' காலத்திலேயே ஐந்து வீடுகளை ஒரு கட்டாகக் கட்டி, ஒரு வீட்டின் தப்புக்கு மற்ற நான்கு வீடுகளையும் பொறுப்பாக்கும் வழக்கம் இருந்தது. யார் எந்த வீட்டில் இருக்கிறார்கள், எந்தப் புத்தர் கோயிலைச் சேர்ந்தவர்கள் என்று ஏடுகளும் இருந்தன. ஒருவர் கிறிஸ்தவர் அல்ல என்பதற்கு அந்த ஏடுதான் சாட்சி. 1868-இல் மெய்ஜி ஆட்சி வந்ததும் இந்த ஏற்பாடு புது உருவம் எடுத்தது. 1871-இல் குடும்பப் பதிவேட்டுச் சட்டம் வந்தது. அதே ஆண்டு தோக்கியோவில் 3,000 காவலர்களைச் சேர்த்தார்கள். அவர்களில் 2,000 பேர் தெற்கே இருந்த சத்சுமா பகுதிக்காரர்கள்.

அந்தச் சத்சுமா மண்ணிலிருந்து வந்தவர்தான் கவாஜி தொஷியோஷி. சாமுராய். 1872-இல் ஐரோப்பாவுக்குப் போய், பாரிசின் போலீஸ் முறையை உன்னிப்பாகப் பார்த்துவிட்டுத் திரும்பினார். 1874 ஜனவரி 15 அன்று தோக்கியோ மாநகரக் காவல்துறை தொடங்கியபோது அதற்குத் தலைவர் அவர்தான். அரசு பெற்றோர், மக்கள் பிள்ளைகள், போலீஸ் அந்தப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் செவிலி என்பது அவர் கொள்கை. அந்த ஆண்டிலேயே தெருமுனைகளில் காவலர்கள் முறைவைத்து நிற்கும் இடங்கள் வந்தன. 'கோ' என்றால் மாறி மாறி, 'பான்' என்றால் காவல். இன்று உலகம் அறிந்த 'கோபான்' அங்கே பிறந்தது.

செவிலிக்குப் பிள்ளைகளின் கணக்கு தெரிய வேண்டாமா? அதனால் காவலர் வீடு வீடாகப் போய்ப் பதிவேட்டோடு ஆட்களைச் சரிபார்க்கும் வேலை வந்தது. 'கொகோ சோசா' என்று அதற்குப் பெயர். குடும்ப விசாரணை. 1885-இல் பெர்லினிலிருந்து வில்ஹெல்ம் ஹோன் என்ற போலீஸ் அதிகாரியை ஆலோசகராக வரவழைத்தார்கள். காவலர்களை ஒரே கட்டடத்தில் குவித்து வைக்காமல் ஊரெல்லாம் தூவிவிட வேண்டும் என்பது அவர் சொன்ன வழி. 1888-இல் நாடு முழுவதும் அதுவே முறையானது. நகரத்தில் கோபான், கிராமத்தில் 'சூசாய்ஷோ'. சூசாய்ஷோ என்பது காவலர் மனைவி மக்களோடு குடியிருக்கும் வீடு. முன்னறைதான் காவல் நிலையம். அவர் ரோந்து போயிருக்கும்போது வருகிறவருக்குப் பதில் சொல்வது அவர் மனைவி. இப்படி ஊரோடு ஊராக வாழ்பவர் கதவைத் தட்டினால் அதில் அந்நியம் குறைவு. பாட்டிக்கு நடுக்கம் இல்லாததன் காரணம் இங்கே இருக்கிறது.

இரண்டாவது வம்சம் வெளியாருக்கானது. யோகோஹாமா, கோபே, நாகசாகி போன்ற துறைமுகங்களில் மேல்நாட்டார் தங்களுக்கென்று ஒதுக்கிய பகுதிகளில் இருந்தார்கள். அவர்கள் வழக்கை அவர்கள் நாட்டுத் தூதரகமே விசாரித்தது. 1899 ஜூலையில் அந்தச் சலுகை ஒழிந்தது. வெளிநாட்டவர் ஜப்பானியர் நடுவே எங்கே வேண்டுமானாலும் வாழலாம் என்றானது. கூடவே அவர்கள் தங்கும் இடம் போலீசுக்குத் தெரிய வேண்டும் என்ற உத்தரவும் வந்தது. செவிலியின் கணக்கில் அவர்கள் பிள்ளைகள் அல்ல. வீட்டுக்குள் வந்த ஆட்கள். கேள்வி அதேதான், ஆனால் கேட்கும் குரல் மாறிவிட்டது.

அந்தக் குரலுக்கு அஞ்சி ஓடியவர்களில் ஒருவர் நமக்கும் தெரிந்தவர். 1912-இல் டெல்லியில் வைசிராய் ஹார்டிஞ்ச் மீது குண்டு வீசிய வழக்கில் தேடப்பட்ட ராஷ் பிஹாரி போஸ், 1915-இல் வேறு பெயரில் ஜப்பான் வந்து இறங்கினார். பிரிட்டன் நெருக்கவே, அந்த ஆண்டு முடிவதற்குள் அவரை வெளியேறச் சொல்லி ஜப்பான் அரசு உத்தரவு போட்டது. ஷின்ஜுக்குவில் நாகமுராயா என்ற ரொட்டிக்கடை வைத்திருந்த சோமா தம்பதி அவரைத் தங்கள் இடத்தில் மாதக்கணக்கில் ஒளித்துவைத்தார்கள். உத்தரவு தளர்ந்த பிறகும் வேவுக்காரர்கள் விடவில்லை. பதினேழு முறை வீடு மாற்றினார் என்று சொல்லப்படுகிறது. வீட்டுக்கு வீடு தலை எண்ணும் நாட்டில் ஓர் அந்நிய முகம் ஒரே கூரையின் கீழ் எத்தனை நாள் இருக்க முடியும்? சோமா வீட்டுப் பெண் தொஷிகோவை மணந்து, 1923-இல் ஜப்பானியக் குடியுரிமை பெற்ற பிறகுதான் அவர் ஓட்டம் நின்றது. பின்னாளில் இந்திய தேசிய ராணுவம் உருவாக வழி செய்தவர் இவர்.

அதே 1923 செப்டம்பர் 1 அன்று காந்தோ நிலநடுக்கம் வந்தது. கொரியர்கள் கிணற்றில் விஷம் கலக்கிறார்கள் என்று வதந்தி கிளம்பியது. கும்பல்கள் தெருவில் ஆட்களை நிறுத்தி, குறிப்பிட்ட ஜப்பானியச் சொற்களைச் சொல்லச் சொல்லி, நாக்கு பிறழ்ந்தவர்களைக் கொன்றன. ஆயிரக்கணக்கானோர் மாண்டார்கள். படையினருக்கும் போலீசாரில் சிலருக்கும் அதில் பங்கு இருந்தது. யோகோஹாமாவை அடுத்த சுருமி காவல் நிலையத்திலோ, தலைமை அதிகாரி ஒகாவா சுனேகிச்சி முந்நூறு பேரை உள்ளே வைத்துக்கொண்டு, சூழ்ந்த கும்பலைத் தடுத்து நிறுத்தினார். எங்கே எந்த வெளியார் இருக்கிறார் என்ற அறிவு கொல்லவும் செய்யும், காக்கவும் செய்யும் என்பதை அந்த வாரம் காட்டியது.

இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் இந்த இரண்டு வம்சங்களின் தலையெழுத்தும் பிரிந்தது. ஊராருக்கான குடும்ப விசாரணைக்கு அதிகாரப் பல் பிடுங்கப்பட்டது. சிந்தனையையே வேவு பார்த்த சிறப்பு உயர் போலீஸ் 1945-இல் கலைக்கப்பட்டது. 1947 முடிவில் உள்துறை அமைச்சகமே இல்லாமல் போனது. வாரண்ட் இல்லாமல் எவர் வீட்டுக்குள்ளும் நுழையக் கூடாது என்று புதிய அரசியல் சட்டத்தின் 35-ஆவது பிரிவு சொன்னது. 'விசாரணை' போய், 'சுற்றிவந்து தொடர்பு' என்று பெயர் மாறியது. இன்று அது தேசியப் பொதுப் பாதுகாப்பு ஆணையத்தின் 1969-ஆம் ஆண்டு விதியின்படி நடக்கிறது. காவலர் போய்க் கேட்க வேண்டும் என்றுதான் அந்த விதி சொல்கிறது. வீட்டுக்காரர் எழுதித் தந்தாக வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை.

வெளியாருக்கான வம்சம் நேர் எதிர்த் திசையில் போனது. புதிய அரசியல் சட்டம் நடைமுறைக்கு வந்தது 1947 மே 3. அதற்கு முதல் நாள், மே 2 அன்று, வெளிநாட்டவர் பதிவு ஆணை வந்தது. நேற்றுவரை பேரரசின் குடிமக்கள் என்று சொல்லி உழைப்பை வாங்கிக்கொண்ட கொரியர்களும் தைவானியரும் அந்த ஆணையின் கண்ணில் வெளிநாட்டவர் ஆனார்கள். 1952-இல் அது சட்டமானது. 1955 முதல் விரல்ரேகையும் வைக்கச் சொன்னார்கள். குற்றவாளியிடம் வாங்குவதை, அதே ஊரில் பிறந்து அதே பள்ளியில் படித்த பதினான்கு வயதுப் பிள்ளையிடம் வாங்கினார்கள். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மறுபடியும் வாங்கினார்கள்.

1980 செப்டம்பரில் ஹான் ஜொங் சொக் என்ற கொரியர், ஷின்ஜுக்கு வட்டார அலுவலகத்தில், விரலை மையில் வைக்க மாட்டேன் என்று சொன்னார். தன்னந்தனியாகச் சொன்ன மறுப்பு அது. 1985-க்குள் மறுத்தவர்கள், தள்ளிப்போட்டவர்கள் எண்ணிக்கை பத்தாயிரத்தைத் தாண்டியது. வழக்குகள், கைதுகள், பதவி போன கதைகள் எல்லாம் நடந்தன. 1993-இல் நிரந்தரமாகக் குடியிருப்போருக்கும், 2000-இல் எல்லோருக்கும் அந்த விரல்ரேகை ஒழிந்தது. ஒரு விரலை விடுவிக்க ஜப்பான் எடுத்துக்கொண்ட காலம் நாற்பத்தைந்து ஆண்டுகள். 2007 நவம்பரில் விமான நிலையத்தில் இறங்கும்போதே ரேகையும் படமும் எடுக்கும் முறை தொடங்கியது. தலைமுறைகளாக வாழும் கொரியர்களுக்கு அதில் விலக்கு உண்டு. நமக்கு இல்லை.

2012 ஜூலை 9 அன்று பழைய பதிவுச் சட்டம் போய், தங்குரிமை அட்டை வந்தது. பதினாறு வயது ஆனவர்கள் அதை எப்போதும் கையில் வைத்திருக்க வேண்டும். போலீஸ் கேட்டால் காட்டியாக வேண்டும். வீடு மாறினால் 14 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும். குடிவரவு அதிகாரிகளுக்கும் சொன்னதெல்லாம் உண்மைதானா என்று விசாரிக்கும் அதிகாரம் உண்டு. கணவன் மனைவி விசாவில் இருப்பவர்கள் சேர்ந்துதான் வாழ்கிறார்களா என்று பார்க்க அவர்கள் வீட்டுக்கும் வருவார்கள். ஆறு மாதம் மண வாழ்க்கை இல்லை என்று தெரிந்து, அதற்குத் தகுந்த காரணமும் இல்லையென்றால் விசா ரத்தாகலாம். கதவைத் திறக்காத உரிமை தாளில் இருக்கிறது. ஆனால் விசா எதிரில் இருப்பவர் கையில் இருக்கும்போது அந்த உரிமையை எடுத்துப் பேச எத்தனை பேருக்குத் துணிவு வரும்?

நிஷிகசாயில் மணி அடிக்கும்போது நடப்பது இதுதான். வந்திருப்பது விருப்பத்துக்கு விடப்பட்ட முதல் வம்சமா, கட்டாயமான இரண்டாவது வம்சமா என்று உள்ளே இருப்பவருக்குத் தெரியாது. பாட்டி வீட்டுக்கு ஒரு வம்சம்தான் வருகிறது. நம் வீட்டுக்கு இரண்டும் ஒரே உடுப்பில் வருகின்றன.

இந்தக் கலக்கம் வீண் பயம் என்று தள்ளிவிடவும் முடியாது. 2010 அக்டோபரில், தோக்கியோ போலீசின் 114 ரகசியக் கோப்புகள் இணையத்தில் கசிந்தன. எந்தக் குற்றமும் செய்யாத முஸ்லிம்களின் பெயர், முகவரி, குடும்பம், தொழுகைக்குப் போகும் இடம் எல்லாம் அதில் இருந்தன. பதினேழு பேர் வழக்குப் போட்டார்கள். 2014 ஜனவரியில் நீதிமன்றம், கசியவிட்டதற்காக 9 கோடி யென்னுக்கு மேல் இழப்பீடு தரச் சொன்னது. கண்காணித்தது மட்டும் தப்பில்லை என்றது. நல்லதற்கென்று கேட்டு வாங்குவது எங்கே போய்ச் சேரும் என்ற கேள்வி அன்றிலிருந்து எந்த வாசலிலும் ஓயவில்லை.

ஆனாலும் அந்த அட்டையை நான் வெறுக்கவில்லை. 1995 ஜனவரி 17 விடியற்காலையில் கோபே நிலநடுக்கம் வந்தபோது, அவாஜி தீவின் ஹொக்குதான் என்ற சிற்றூரில் இடிபாட்டுக்குள் சிக்கிய சுமார் 300 பேரை அன்றைக்கே தோண்டி எடுத்தார்கள். எந்த வீட்டில், எந்த அறையில், எந்தத் தாத்தா படுத்திருப்பார் என்பது ஊர்த் தீயணைப்புத் தொண்டர்களுக்கு அத்துப்படி. நிலம் ஆடும் நாட்டில், நீ இங்கே இருக்கிறாய் என்று ஒருவருக்குத் தெரிந்திருப்பது உயிர் காக்கும். மொழி தெரியாத வெளிநாட்டவருக்கு அது இன்னும் அதிகமாகவே தேவை. கோபானைப் பார்த்துச் சிங்கப்பூர் 1983-இல் தோ பாயோவில் அக்கம்பக்கக் காவல் சாவடிகளைத் தொடங்கியதும் இந்த நெருக்கத்தை விரும்பித்தான்.

ஹொக்குதான் ஊரார் அறிந்தது கேட்டுப் பழகி வந்த அறிவு. மிரட்டி வாங்கியது அல்ல. அந்த நெருக்கம் வெளிநாட்டவர் வாசலிலும் வர வேண்டுமென்றால், வருகிறவர் முதலில் தான் எந்த வம்சம் என்று சொல்ல வேண்டும். இதை எழுதுவது உங்கள் விருப்பம் என்ற ஒரு வரி, உள்ளே இருப்பவருக்குப் புரியும் மொழியில், அட்டையின் தலையிலேயே இருக்க வேண்டும். அதுவரை நாமே கேட்டுக்கொள்ளலாம். அடையாள அட்டையைக் காட்டச் சொல்லலாம். எந்தக் கோபான் என்று கேட்டு, அங்கே கூப்பிட்டுச் சரிபார்க்கலாம். தங்குரிமை அட்டை கேட்டால் காட்டிவிட வேண்டும். சுற்றிவரும் அட்டை என்றால், கணவர் வந்த பிறகு எழுதுகிறேன் என்று சொல்லலாம். வாரண்ட் இல்லாமல் எவரும் வாசற்படி தாண்ட முடியாது.

பாட்டியைப்போல 'வேண்டாம்' என்று சொல்லிக் கதவைச் சாத்தவும், அதனால் ஒன்றும் ஆகாது என்று நிம்மதியாக அடுப்படிக்குத் திரும்பவும் நம்மால் முடிகிற நாளில், நம்மில் பெரும்பாலோர் அந்த அட்டையை வாங்கி நிரப்பிக் கொடுத்துவிடுவோம்.