பேண்டு செட்டும் நம்ம பெண்களும்

பேண்டு வாத்தியம் நம்ம நாட்டுக்குப் பட்டாளத்தோட வந்தது. சிப்பாய்கள் ஒரே சீராகக் கால் எடுத்து வைக்கப் பெரிய டிரம்மு. தூரத்தில் நிற்கிறவனுக்கும் உத்தரவு கேட்க ஊதுகொம்பு. விருந்துக்கும் ஆட்டத்துக்கும் வாசிச்சது அதுக்கு மேலதான். சென்னையில் அது குடியிருந்த இடம் செயின்ட் ஜார்ஜ் கோட்டை. கோட்டைக்குள்ள வாசிச்சது வெளியில நம்ம ஆட்கள் காதுல எப்படி விழுந்ததுங்கறதுக்கு ஒரு நல்ல கதை இருக்கு. அது நம்ம பக்கத்துக் கதை.

மணலின்னா இன்னைக்கு நமக்கு எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையும் டேங்கர் லாரியும்தான் ஞாபகம் வரும். சுமார் 225 வருஷத்துக்கு முன்னாடி அங்கே முத்துகிருஷ்ண முதலியார்னு ஒரு பெரிய மனிதர் இருந்தார். கம்பெனிக்காரர்களோடு பழக்கம் உள்ளவர். திருவாரூரில் இருந்த ராமஸ்வாமி தீட்சிதர் குடும்பத்தை மணலிக்கு வரவழைத்து ஆதரித்தார். அந்த வீட்டுப் பிள்ளைதான் 1776ல் பிறந்த முத்துஸ்வாமி தீட்சிதர். கோட்டையில் பேண்டு வாசிக்கிறதை இந்தக் குடும்பம் போய்க் கேட்டது. தம்பி பாலுஸ்வாமிக்கு வயலின் மேல் ஆசை வந்து, ஒரு ஐரோப்பியரிடமே உட்கார்ந்து கற்றுக்கொண்டார். நம்ம கச்சேரிகளில் இன்னைக்கு வயலின் இல்லாமல் நடக்காது என்றால், அதுக்கு விதை போட்டவர்களில் அவரும் ஒருத்தர்.

அண்ணன் வேற வேலை செய்தார். பேண்டில் கேட்ட மெட்டுகளை எடுத்து, சங்கராபரண ராகத்தில் உட்கார வைத்து, சாமிப் பாட்டு எழுதினார். இங்கிலாந்து ராஜாவை வாழ்த்துகிற பாட்டு இருக்கிறதல்லவா, அந்த மெட்டில் அம்பாளைப் பாடினார்! இப்படி நாற்பதை ஒட்டிய பாட்டுகள். நொட்டுஸ்வரம் என்று பெயர். பாட்டு கிளாசுக்குப் போகிற சின்னப் பிள்ளைகளுக்கு இன்னும் சொல்லிக் கொடுக்கிறார்கள். யாரோ கொண்டு வந்ததை வாங்கி நம்முடையதாக ஆக்கிக்கொள்வது நமக்குப் புதுசு இல்லை.

அதே காலத்தில் தஞ்சாவூரில் சரபோஜி மன்னர் (1798 முதல் 1832 வரை ஆண்டவர்) அரண்மனையிலேயே மேற்கத்திய பேண்டு வைத்திருந்தார். சதிர்க் கச்சேரியில் முகவீணை வாசித்த இடத்தில் கிளாரினெட் வந்து உட்கார்ந்தது. பிறகு மைசூர் அரண்மனையிலும் பேண்டு. அந்த அரண்மனை பேண்டில் சாக்ஸபோன் கேட்டு மயங்கின நாதஸ்வரக்காரர் வீட்டுப் பையன்தான் பின்னாளில் அந்த வாத்தியத்தில் கர்நாடக சங்கீதம் வாசித்துப் பேர் வாங்கின கத்ரி கோபால்நாத்.

ராஜா வீட்டில் இருந்தது தெருவுக்கு எப்படி வந்தது? இதில் பெரிய பங்கு கடைக்காரர்களுக்கு. உத்தரப் பிரதேசத்தில் மீரட் என்று ஒரு ஊர். அங்கே பட்டாள பேண்டில் இருந்த நாதிர் அலி என்பவர் 1885ல் ஒரு கம்பெனி ஆரம்பித்தார். பித்தளை வாத்தியங்களை அங்கேயே செய்ய ஆரம்பித்த பிறகு, சாதாரண ஆட்களும் நாலு பேர் சேர்ந்து முதல் போட்டு ஒரு செட்டு வாங்க முடிந்தது. இன்னைக்கும் நாட்டில் ஓடுகிற கல்யாண பேண்டுகளுக்கு மீரட்டில் இருந்துதான் நிறைய வாத்தியம் போகிறது.

எங்க ஊர்க் கல்யாணங்களில் அந்தச் சிவப்புச் சட்டையும் தங்கநிறப் பட்டையும் போட்டு வருகிறார்களே, அந்த உடுப்புக்கு ஒரு அர்த்தம் உண்டு. மேளம் அடிக்கிறவரை நம்ம சமூகம் எப்படி நடத்தியது என்பது எல்லாருக்கும் தெரியும். பறை அடித்தவரைத் தெருக்கோடியில் நிறுத்திவைத்தார்கள். சாவு வீட்டில் வேணும், பந்தியில் வேண்டாம். அதே ஆள் பட்டன் வைத்த கோட்டும் தொப்பியும் போட்டு டிரம்மைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்தபோது, 'மாஸ்டர்' என்று கூப்பிட்டார்கள். வாசித்த கை அதேதான். உடுப்பு மட்டும்தான் மாறினது. இது ஒரு பக்கம் வேதனை, ஒரு பக்கம் சாமர்த்தியம் என்றுதான் நான் நினைக்கிறேன்.

கூலிக்கு இல்லாமல் ஆசைக்காக, வேலை முடிந்த பிறகு ஊர்க்காரர்கள் கூடி வாசிக்கிற பேண்டும் உலகத்தில் உண்டு. நம்மைப் போலவே ஆலைகள் நிறைந்த ஊர்களில்தான் அது அதிகம் வளர்ந்தது. இங்கிலாந்தில் பிராட்போர்டு பக்கம் குவீன்ஸ்பரி என்று ஒரு கிராமம். அங்கே பாஸ்டர் என்பவருடைய கம்பளி ஆலை, பெயர் பிளாக் டைக் மில். 1855ல் அந்த ஆலைத் தொழிலாளர்களுக்கு வாத்தியமும் உடுப்பும் வாங்கிக் கொடுத்து ஒரு பேண்டு ஏற்பட்டது. முதலாளியே சின்ன வயசில் ஊர் பேண்டில் கொம்பு ஊதினவராம். பகலெல்லாம் தறியில் நின்றவர்கள் சாயந்திரம் ஒத்திகைக்கு நின்றார்கள். அதற்கு இரண்டு வருஷம் முன்னாடியே, 1853ல், மான்செஸ்டரில் பேண்டுகளுக்கு என்று போட்டி நடத்த ஆரம்பித்துவிட்டார்கள். ஆலைக்கு ஆலை, சுரங்கத்துக்குச் சுரங்கம் பேண்டு. பிளாக் டைக் பேண்டு இன்னும் இருக்கிறது, உலகப் புகழோடு.

படிக்கும்போது எனக்கு உறுத்தின விஷயம் ஒன்று. அந்தக் கம்பளி ஆலைகளில் நூற்றதும் நெய்ததும் நிறையப் பெண்கள். பேண்டில் நின்றது ஆண்கள். வெகு காலம் அப்படியே போனது. யுத்த காலத்தில் ஆண்கள் சண்டைக்குப் போய் இடம் காலியானபோதும், பிறகு பள்ளிக்கூடங்களில் பெண் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தபோதும்தான் கதவு மெல்லத் திறந்தது. காக்களூர், அம்பத்தூர், கும்மிடிப்பூண்டி பக்கம் கம்பெனி பஸ் ஏறுகிற நமக்கு இதில் ஆச்சரியம் ஒன்றும் இருக்காது.

இங்கேயும் சொன்ன காரணங்கள் ஒன்றிரண்டா? ஊதினால் கன்னம் உப்பும், பெண்ணுக்கு லட்சணம் இல்லை. அடித்தால் கை காய்த்துப் போகும். தோளில் மாட்டினால் சேலை நிற்காது. ராத்திரி எப்படித் திரும்பி வருவாள்? இத்தனையும் தாண்டித்தான் மதுரை பொன்னுத்தாயி நாதஸ்வரம் வாசித்தார். கடம் வாசிக்கிற சுகன்யா ராம்கோபாலுக்கு, பெண் கைக்குக் கடம் கஷ்டம் என்று சொல்லப்பட்டது. குருவான ஹரிஹர சர்மா விடாமல் சொல்லிக் கொடுத்தார். அந்த அம்மா பிறகு பெண்கள் மட்டுமே இருக்கிற தாளவாத்தியக் குழு ஒன்றையே உண்டாக்கினார். ஷேக் மெஹபூப் சுபானியோடு மேடையில் சரிசமமாக உட்கார்ந்து நாதஸ்வரம் வாசிக்கிறவர் அவர் மனைவி காலிஷாபி. 2020ல் இருவருக்கும் சேர்த்தே பத்மஸ்ரீ கிடைத்தது.

இவர்கள் தனித்தனி ஆட்கள். கூட்டமாகச் சேர்ந்து செய்தவர்கள் கதைதான் நமக்கு நெருக்கம்.

திண்டுக்கல்லில் சக்தி கலைக்குழு. 1990ல் சகோதரி சந்திராவும் அவருடைய தோழியும் சேர்ந்து ஆரம்பித்தது. படிப்பை நிறுத்தின தலித் இளம்பெண்களைக் கூட்டிவந்து, தையலும் கற்றுக் கொடுத்தார்கள், பறையும் கற்றுக் கொடுத்தார்கள். பறை என்றாலே ஒதுக்கின ஊரில், அதையும் பெண் பிள்ளைகள் கையில்! கேட்டவர்கள் முகம் எப்படிப் போயிருக்கும் என்று நீங்களே நினைத்துக்கொள்ளலாம். ஆனால் பறையைத் தீயில் காய்ச்சி, தோளில் மாட்டி, வட்டம் போட்டு ஆடிக்கொண்டே அடிக்கிற அந்தப் பெண்களைப் பார்த்தவர்கள் யாரும் தலை குனிந்து பார்க்க முடியாது. குழு வெளிநாடு வரைக்கும் போயிருக்கிறது. கோட்டும் தொப்பியும் போட்டு மரியாதை வாங்கின ஒரு வழியைச் சொன்னேன். இவர்கள் அதே பறையை வைத்துக்கொண்டே மரியாதை வாங்கினார்கள். இரண்டாவது வழிதான் கஷ்டம்.

கேரளாவில் 1998ல் ஆரம்பித்த குடும்பஸ்ரீ நம்ம மகளிர் குழு மாதிரிதான். அங்கே பல ஊர்களில் குழுப் பெண்கள் சிங்காரி மேளம் கற்று, திருவிழாவுக்கும் திறப்பு விழாவுக்கும் கூலி பேசிப் போகிறார்கள். செண்டை லேசான சாமான் இல்லை. தோளில் மாட்டிக்கொண்டு மணிக்கணக்கில் ஆடி அடிக்கணும்.

பீகார் கதையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். பாட்னா பக்கத்தில் தானாப்பூர், அதில் திப்ரா என்று ஒரு கிராமம். அங்கே வேலை செய்துவந்தவர் சுதா வர்கீஸ். கேரளாவில் பிறந்து, பெண்ணாக இருந்தபோதே பீகார் போய், ஏழை தலித் மக்களோடு வாழ்நாள் முழுக்க இருந்தவர். சைக்கிளில் சுற்றினதால் 'சைக்கிள் தீதி' என்று பேர். தீதி என்றால் அக்கா. 1987ல் நாரி குஞ்சன் என்ற அமைப்பைத் தொடங்கினார். 2006ல் பத்மஸ்ரீ. (சைக்கிள் என்றதும் நம்ம புதுக்கோட்டை ஞாபகம் வருகிறது. அறிவொளி இயக்கக் காலத்தில் ஆயிரக்கணக்கான பெண்கள் அங்கே சைக்கிள் கற்றபோது கேட்ட கிண்டலும் இதே கிண்டல்தான்.)

அந்தத் திப்ராவில் வயல் கூலிக்குப் போகிற பெண்களிடம் சுதா அக்கா, பேண்டு வாசிக்கிறீர்களா என்று கேட்டார். சிரித்தார்கள். வீட்டு ஆண்கள் சிரிக்கவில்லை, கோபப்பட்டார்கள். ஊர்க்காரர்கள், இவள்கள் டிரம்மு அடித்து யார் கல்யாணம் நடக்கப் போகிறது என்றார்கள். பாட்னாவிலிருந்து ஒரு வாத்தியார் வந்து சொல்லிக் கொடுத்தார். வயல் வேலை, வீட்டு வேலை எல்லாம் முடித்துவிட்டுத்தான் பயிற்சி. விறகு வெட்டின கை, நாற்று நட்ட கை. குச்சியைப் பிடிக்கிறதே முதலில் பெரும்பாடு. ஒரு வருஷத்துக்கு மேலே பிடித்தது. சேர்ந்தவர்கள் எல்லாரும் நிலைக்கவில்லை, பத்துப் பேர் நின்றார்கள். சர்கம் மகிளா பேண்டு என்று பேர் வைத்தார்கள். கல்யாணத்துக்குக் கூப்பிட ஆரம்பித்தார்கள், பிறகு அரசாங்க விழாவுக்கும் வெளி மாநிலத்துக்கும் போனார்கள். வயலில் பல நாள் குனிந்து சம்பாதிக்கிறதை ஒரே கல்யாணத்தில் பார்த்தபோது, வீட்டில் பேச்சின் தொனியே மாறினது. கோபப்பட்ட ஆண்களில் சிலர், அக்கா தங்கச்சிகள் வெளியூர் போகிற அன்றைக்குப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆரம்பித்தார்கள் என்றால், அதைவிட வேறென்ன வேணும்?

2024 குடியரசு தின அணிவகுப்பை டெல்லியில் தொடங்கி வைத்தது, சங்கும் நாதஸ்வரமும் நகராவும் வாசித்த நூற்றுக்கும் மேற்பட்ட பெண்கள். டிவியில் பார்த்திருப்பீர்கள்.

இதையெல்லாம் இப்போது எழுத ஒரு காரணம் உண்டு. நம்ம கூட்டமைப்புக் கூட்டத்தில் ஒரு குழு டிரம் செட்டு வாங்கக் கடன் கேட்டபோது, பின் வரிசையில் சிரிப்புச் சத்தம் கேட்டது. கறவை மாடு, தையல் மெஷின், மாவு அரைக்கிற மெஷின் என்றால் யாரும் சிரிக்க மாட்டோம். ஆனால் சிரிக்காமல் கேட்க வேண்டிய கேள்விகளும் இருக்கு. அவற்றையும் சொல்லிவிடுகிறேன்.

ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் கிடையாது. ஆடியில் அம்மன் கோயில் கூழ் ஊற்றுகிறது இருக்கு, மார்கழிக்கு என்ன செய்வது என்று யோசிக்கணும். தவணை மாசா மாசம் வரும், முகூர்த்தம் மாசா மாசம் வராது. அதனால் தவணையை முகூர்த்த மாசங்களுக்குத் தக்கபடி வைக்கச் சொல்லிக் கேட்கலாம். அட்வான்ஸ் வாங்காமல் தேதி கொடுக்கக் கூடாது. சாராயம் குடித்துவிட்டு ஆடுகிற ஊர்வலத்துக்குப் போவதா வேண்டாமா என்று முதலிலேயே தீர்மானம் எழுதி எல்லாரும் கையெழுத்துப் போடணும். கடைசி ரயிலை நம்பிப் போகக் கூடாது. திரும்ப வேன் வைத்து விடுவது கூப்பிட்டவர் பொறுப்பு, அது பேசின கூலிக்கு மேல்.

வாத்தியத்தைப் பற்றியும் தெரிஞ்சுக்கணும். ட்ரம்பெட்டில் மூன்றே மூன்று கட்டைதான் இருக்கு, அதை அழுத்தி அழுத்தி எல்லா ஸ்வரமும் வரும் என்று கடைக்காரர் சொல்வார். உண்மைதான். ஆனால் சத்தம் வருவது கட்டையில் இல்லை, உதட்டில். உதடு பழகவே மாசக்கணக்கு ஆகும். கிளாரினெட்டுக்குச் சீவாளி அடிக்கடி மாத்தணும், அது தனிச் செலவு. டிரம்மு அப்படி இல்லை. சைடு டிரம்முக்கு அடியில் கம்பிச் சுருள் இழுத்துக் கட்டியிருக்கும், அதனால்தான் 'சர்ர்' என்ற அந்தச் சத்தம். இரண்டு குச்சியையும் ஒரே பலத்தில் விழ வைக்கப் பழகினால் பாதி வேலை முடிஞ்சது. பெரிய டிரம்மு நடைக்குத் தாளம், இடது கால் விழும்போது அடி விழணும். தோல் போட்டது வேண்டாம், நம்ம ஐப்பசி மழையில் தொய்ந்துவிடும். பிளாஸ்டிக் முகம் வைத்ததே வாங்குங்கள்.

ஆக முதல் வருஷத்துக்கு ஒரு பெரிய டிரம்மு, மூன்று சைடு டிரம்மு, ஒரு ஜோடி ஜால்ரா, இரண்டு மராக்கஸ் போதும். பழைய சாமானாக இருந்தாலும் பரவாயில்லை, தெரிந்த மாஸ்டர் ஒருத்தரைக் கூட்டிக்கொண்டு போய்த் தட்டிப் பார்த்து வாங்குங்கள். சொல்லிக் கொடுக்கிறவருக்குக் கொடுக்க வேண்டியதையும் கடன் கணக்கிலேயே சேர்த்து எழுதுங்கள், சும்மா வருவார் என்று இருக்காதீர்கள். பித்தளை வாத்தியத்தை இரண்டாம் வருஷம் பார்த்துக்கொள்ளலாம்.