ஹவுண்ட் டாக்

ஹவுண்ட் டாக்: அமெரிக்க ரிதம் அண்ட் புளூஸ் பாடல். ஜெர்ரி லீபர் எழுத, மைக் ஸ்டோலர் இசையமைத்தார். ‘பிக் மாமா’ என்று அழைக்கப்பட்ட வில்லி மே தார்ன்டன் 1952 ஆகஸ்டு 13 அன்று லாஸ் ஏஞ்சலிஸில் இதை முதன்முதலாகப் பாடிப் பதிவு செய்தார். 1956இல் எல்விஸ் பிரெஸ்லியின் குரலில் உலகெங்கும் பரவி, ராக் அண்ட் ரோலின் அடையாளப் பாடல்களுள் ஒன்றானது. இவ்விரு பதிவுகளை மட்டும் எதிரெதிரே நிறுத்தி, கறுப்பினப் பெண்ணின் பாட்டை வெள்ளை இளைஞர் பறித்துக்கொண்டார் என்று இதன் வரலாற்றைச் சுருக்கிவிடுவதுண்டு. தார்ன்டனுக்கு அநீதி நடந்தது உண்மை. ஆனால் அதைப் பிரெஸ்லியின் பாட்டில் தேடினால் கிடைக்காது. ஒரு பாடலின் வருவாய் யாருக்குச் சேரும் என்று வகுத்த சட்டத்திலும் ஒப்பந்தங்களிலும் அது இருக்கிறது.

இசைக்குழுத் தலைவர் ஜானி ஓட்டிஸ் அழைத்துத் தார்ன்டனின் பாட்டைக் கேட்டபோது லீபருக்கும் ஸ்டோலருக்கும் 19 வயது. அவருடைய குரலின் கனமும் மிடுக்கும் தந்த வேகத்தில் சில நிமிடங்களிலேயே பாடலை எழுதி முடித்ததாக இருவரும் பின்னாளில் கூறினர். தன் உழைப்பில் உட்கார்ந்து தின்னும் ஆணைப் பெண் ஒருத்தி விரட்டியடிப்பதே பாட்டின் பொருள். பதிவின்போது ஓட்டிஸே டிரம்ஸ் வாசித்தார். பீட் லூயிஸின் கிட்டார் தார்ன்டனின் ஒவ்வொரு அடிக்கும் மறுமொழி சொல்கிறது. தார்ன்டனின் உறுமலும் இழுப்பும், இடையிடையே அவர் வீசும் பேச்சும் பதிவறையில் அவர் சேர்த்த செல்வம். ஹூஸ்டனைச் சேர்ந்த டான் ராபியின் பீகாக் நிறுவனம் 1953 தொடக்கத்தில் இசைத்தட்டை வெளியிட்டது. பில்போர்டின் ரிதம் அண்ட் புளூஸ் பட்டியலில் அது 7 வாரங்கள் முதலிடத்தில் இருந்தது. தமக்குக் கிடைத்தது 500 டாலர் காசோலை ஒன்றுதான் என்று தார்ன்டன் பலமுறை சொல்லியிருக்கிறார்.

அதே ஆண்டில் மெம்ஃபிஸின் சன் நிறுவனம் ரூஃபஸ் தாமஸைக் கொண்டு ‘பேர் கேட்’ என்ற எசப்பாட்டை வெளியிட்டது. மெட்டு அப்படியே இருந்ததால் ராபி வழக்குத் தொடுத்து வென்றார். லாஸ் வேகஸில் பாடிவந்த ஃப்ரெடி பெல்லும் அவருடைய பெல்பாய்ஸ் குழுவினரும் 1955இல் செய்த மறுபதிவு பாட்டின் பொருளையே மாற்றியது. ஆண்–பெண் பூசல் மறைந்து, உண்மையான ஒரு நாயைக் கேலி செய்யும் வேடிக்கைப் பாட்டாக அது ஆயிற்று. 1956 வசந்தத்தில் லாஸ் வேகஸ் மேடைகளில் பாட வந்த பிரெஸ்லி கேட்டு மகிழ்ந்து எடுத்துக்கொண்டது இந்த வடிவத்தைத்தான். ஜூன் 5 அன்று மில்டன் பெர்ல் நடத்திய தொலைக்காட்சி நிகழ்ச்சியில் அவர் இடுப்பசைத்துப் பாடியது பத்திரிகைகளின் கண்டனத்துக்கு ஆளானது. ஜூலை 1 அன்று ஸ்டீவ் ஆலனின் நிகழ்ச்சியில் விருந்துக்குரிய கோட்டு அணிவித்து, ஒரு நாயின் முன் அவரைப் பாடவைத்தார்கள். மறுநாளே நியூயார்க்கின் ஆர்.சி.ஏ. பதிவுக்கூடத்தில் ஏறத்தாழ 30 முறை பாடிப் பார்த்து இறுதி வடிவத்தைத் தேர்ந்தார். டி.ஜே. ஃபொன்டானாவின் டிரம்ஸ் வெடிப்பும் ஸ்காட்டி மூரின் கிட்டாரும் பெல்லின் பதிவில் இல்லாத மூர்க்கத்தை இதற்குத் தந்தன. மறுபக்கத்துப் பாடலோடு சேர்ந்து இத்தட்டு 11 வாரங்கள் அமெரிக்காவில் முதலிடத்தில் நின்றது.

பிரெஸ்லி தார்ன்டனின் பதிவையும் கேட்டிருப்பாரே என்று ஒருவர் கேட்கலாம். கேட்டிருக்கலாம்; ஆனால் அவர் பாடிய சொற்கள் பெல்லுடையவை, தாளத்தின் வேகமும் தார்ன்டனுடையது அல்ல. ஒரு கை மாறி இன்னொரு கைக்குப் போகும்போது பாட்டு புதிதாவது இந்த இசை மரபின் இயல்பு. காசு போன வழிதான் கவனத்துக்குரியது. அமெரிக்காவின் 1909ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஒருமுறை பதிவான பாடலை யார் வேண்டுமானாலும் மறுபடி பதிவு செய்ய முடிந்தது. பிரதிக்கு 2 சென்ட் பாடலின் உரிமையாளருக்குக் கொடுத்தால் போதுமாயிருந்தது. முதலில் பாடி அதற்கு உயிர் கொடுத்தவருக்கு அதில் பங்கு கிடையாது. ஒலிப்பதிவுக்கென்று கூட்டாட்சிப் பதிப்புரிமை வந்ததே 1972இல்தான். பாடலாசிரியருள் ஒருவராகத் தம்மைச் சேர்க்கக் கோரி ஓட்டிஸ் வழக்காடியதற்கும் இதுவே காரணம்: எழுதியவர் பட்டியலில் பெயர் இருந்தால்தான் பிரெஸ்லியின் விற்பனையில் பங்கு. உரிமையை விட்டுக்கொடுத்து முன்பே அவர் கையெழுத்திட்டிருந்ததால் 1957இல் நீதிமன்றம் அக்கோரிக்கையை நிராகரித்தது.

பாடும் முறைக்கும் உரிமை கொண்டாடத் தொடங்கினால் எவரும் எதையும் பாட முடியாது, தார்ன்டனே புளூஸ் முன்னோரிடம் கற்றவர்தான் என்பது வலுவான மறுப்பு. ஆனால் உரிமைக்குத் தடை விதிக்கும் வடிவம் மட்டும்தான் உண்டு என்பதில்லை. அந்த 2 சென்ட் விதி யாரையும் பாடவிடாமல் தடுக்கவில்லை. வருவாயைப் பகிர மட்டுமே சொன்னது. மெட்டுக்கு ஒத்துக்கொண்ட அந்த நியாயத்தைக் குரலுக்கும் நீட்டியிருக்கலாம். குறைந்தபட்சம், தார்ன்டன் தாமே பாடிய தட்டின் விற்பனைக்கேற்ற பங்கு அவரைச் சேர்ந்திருக்க வேண்டும். 1984இல் அவர் மறைந்து 40 ஆண்டுகள் கழித்தே ராக் அண்ட் ரோல் புகழ்மண்டபம் அவரைச் சேர்த்துக்கொண்டது. புகழ் தாமதமாகவேனும் வந்தது. விதி முழுதாக மாறவில்லை. அமெரிக்காவின் ஏ.எம்., எஃப்.எம். வானொலிகளில் ஒரு தட்டு ஒலித்தால் எழுதியவருக்குப் பணம் உண்டு, பாடியவருக்கு இன்றும் இல்லை. ஆகவே ‘ஹவுண்ட் டாக்’ எழுப்பும் வழக்கில் பிரெஸ்லியைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது, திருத்தப்பட வேண்டிய சட்டத்தைத் தப்பவிடுவதாகும்.