பெற்றோலை விட்டு டீசலுக்கு: மலையகத்தில் ஒரு பழைய பிக்கப்பை மீட்கும் திட்டம்

மலையகத் தோட்டப்புறங்களில் ஐம்பது, அறுபது வயதான வாகனங்கள் இன்னும் உழைத்துக்கொண்டிருக்கின்றன. துரைமார் காலத்து லாண்ட் ரோவர், மொரிஸ் மைனர் பிக்கப், பெட்போர்ட் லொறி என்று அட்டன், தலவாக்கலை, நானுஓயாப் பக்கங்களில் அவற்றைக் காணலாம். இவை காட்சிக்கு வைத்தவை அல்ல. உரமூட்டை, லீக்ஸ், கரட், விறகு எல்லாம் ஏற்றுகின்றன. நடுஇரவில் ஒருவருக்கு நெஞ்சுவலி வந்தாலும், ஒரு பிள்ளைத்தாய்ச்சிக்கு நேரம் வந்தாலும், லயத்திலிருந்து பிரதான வீதிக்கு இறங்கப் பல இடங்களில் இப்படி ஒரு வாகனம்தான் இருக்கிறது.

லிந்துலைப் பக்கம் என் மாமாவிடம் இருப்பது லாண்ட் ரோவர் சீரிஸ் 2ஏ பிக்கப், 109 அங்குல நீளச் சட்டகம். அதன் 2286 சிசி பெற்றோல் எஞ்சின் இளைத்துவிட்டது. டீசலுக்கு மாற்றலாமா, மாற்றினால் எதை முதலில் செய்வது என்று ஒரு திட்டம் எழுதித் தரச் சொன்னார். அதற்காகக் கராஜ்களிலும் லேத் பட்டறைகளிலும் கேட்டுச் சேர்த்ததை, இதே யோசனையில் இருக்கும் மற்றவர்களுக்காகவும் இங்கே தருகிறேன். சுருக்கமாகச் சொன்னால் எஞ்சின் கடைசியாக வாங்க வேண்டிய பொருள். அதற்கு முன்னால் பிரேக்கும் பத்திரமும் இருக்கின்றன.

மண்ணெண்ணெய்க் காலம்

எரிபொருளை மாற்றி வாகனம் ஓட்டுவது எங்களுக்குப் புதிதல்ல. 1990இல் போர் மீண்டும் தொடங்கிய பின்னர் பொருளாதாரத் தடையால் வடக்கில் பெற்றோல் அரிதானது. ஒஸ்ரினும் மொரிஸும் மோட்டார் சைக்கிள்களும் மண்ணெண்ணெயில் ஓடின. காபுரேற்றரில் சில துளி பெற்றோல் விட்டு எஞ்சினைத் தொடக்கி, அது சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். அந்தப் பழைய எஞ்சின்களில் அமுக்க விகிதம் 7, 8க்கு 1 என்ற அளவில் குறைவாக இருந்ததால், தரம் குறைந்த எரிபொருளையும் தாங்கின. புகையும் கரியும் வந்தன, ஆனாலும் வாகனம் நகர்ந்தது.

அந்த அறிவை டீசல் எஞ்சினுக்கு அப்படியே கொண்டுவரக் கூடாது. டீசலில் தீப்பொறி இல்லை. காற்றை 18க்கு 1, 20க்கு 1 என்று அமுக்கி, அந்தச் சூட்டிலேயே எரிபொருள் பற்றுகிறது. எரிபொருளைத் தள்ளும் பம்புக்கு உள்ளே எண்ணெய்ப் பசை தருவதும் பெரும்பாலான சிறிய எஞ்சின்களில் டீசல்தான். மண்ணெண்ணெய் கலந்தால் பம்பும் நொசில்களும் தேயும். 2022 ஓகஸ்ட்டில் மண்ணெண்ணெய் விலை லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஏறிய பின்னர், அதில் மிச்சம் பிடிக்கும் எண்ணத்துக்கும் பெரிய அர்த்தமில்லை.

மாற்றத்தான் வேண்டுமா?

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் வழி திறந்தது. இடைப்பட்ட காலத்தில் பழைய வாகனத்தின் பெறுமதி ஏறியது, அதைத் திருத்தி ஓட்டும் தேவையும் ஏறியது. ஆனால் ஒவ்வொரு பழைய பிக்கப்பும் டீசலுக்கு மாற வேண்டும் என்றில்லை.

முதலில் கணக்கைப் போடுங்கள். இந்த வகைப் பெற்றோல் லாண்ட் ரோவர் லீற்றருக்குச் சுமார் 6 கிலோமீற்றர் ஓடும் என்று வையுங்கள். டீசலுக்கு மாற்றினால் 9 என்று வையுங்கள். மாதம் 1000 கிலோமீற்றர் ஓடுபவருக்கு 167 லீற்றருக்குப் பதிலாக 111 லீற்றர் போதும். மிச்சம் 56 லீற்றர். மாதம் 300 கிலோமீற்றர் மட்டும் ஓடுபவருக்கு மிச்சம் 17 லீற்றர்தான். எஞ்சின், பொருத்தும் கூலி, பத்திரச் செலவு எல்லாவற்றையும் கூட்டி, மாத மிச்சத்தால் வகுத்தால் எத்தனை வருடத்தில் காசு திரும்பும் என்று தெரியும். ஐந்து வருடத்தைத் தாண்டினால், இருக்கும் பெற்றோல் எஞ்சினையே திருத்திக் கட்டுவது நல்லது.

மாமா மரக்கறி ஏற்றுகிறார், தினமும் ஓடுகிறார். ஆகவே அவருடைய கணக்கு டீசல் பக்கம் சாய்கிறது. இந்த வழியில் போவது நாங்கள் மட்டுமல்ல. டார்ஜிலிங் மலையில் மானேபஞ்சாங்கிலிருந்து சந்தக்பூ ஏறும் 1950களின் லாண்ட் ரோவர்கள் பலவற்றில் மகிந்திரா டீசல் எஞ்சின்கள் ஓடுகின்றன. தமிழ்த் தொழிலாளர் தேயிலை வளர்த்த மலேசியாவின் கெமரன் ஹைலண்ட்ஸிலும் மரக்கறித் தோட்டங்களின் சுமைவண்டி பழைய லாண்ட் ரோவர்தான்.

சேஸியும் பிரேக்கும்

லாண்ட் ரோவரின் உடல் அலுமினியக் கலவை. வெளியே பளபளப்பாக இருந்தாலும் உள்ளே இரும்புச் சேஸி உக்கியிருக்கலாம். அது பெட்டி வடிவம் என்பதால் மலை ஈரம் உள்ளிருந்தே தின்னும். சுத்தியலால் முழு நீளத்துக்கும் தட்டிப் பாருங்கள். மந்தமான சத்தம் வரும் இடத்தில் உக்கல் இருக்கிறது. பின்பக்க ஸ்பிரிங் மாட்டும் இடங்களையும் குறுக்குச் சட்டங்களையும் கவனியுங்கள். டீசல் எஞ்சின் கனமானது, அதிர்வும் கூட. உக்கிய சேஸியில் அதை மாட்டினால் வெடிப்பு விழும்.

அடுத்தது பிரேக். கினிகத்தேனை இறக்கத்திலும் றம்பொடை வளைவுகளிலும் உயிர் தங்கியிருப்பது இதில்தான். 2023 ஜனவரி 20இல் நானுஓயா, ரதல்லைக் குறுக்கு வீதியில் பஸ் ஒன்று வானிலும் முச்சக்கர வண்டியிலும் மோதி ஏழு பேர் இறந்ததை இப்பகுதியில் எவரும் மறக்கவில்லை. டீசலுக்கு மாறும்போது பிரேக்கில் இரண்டு விடயங்கள் மாறுகின்றன.

ஒன்று, எஞ்சின் பிடிமானம். பெற்றோல் எஞ்சினில் அக்சிலறேற்றரை விட்டால் காற்று வழி மூடிக்கொள்ளும், அந்த இழுப்பு வாகனத்தைப் பிடிக்கும். சாதாரண டீசல் எஞ்சினில் காற்று வழி மூடுவதில்லை, ஆகவே பிடிமானம் குறைவு. இறக்கத்தில் முன்பைவிடக் குறைந்த கியரில் இறங்கப் பழக வேண்டும். இரண்டு, வெற்றிடம். பிரேக்குக்கு உதவும் சேர்வோ பெற்றோல் எஞ்சினின் காற்றுக்குழாயிலிருந்து வெற்றிடத்தை எடுக்கும். டீசலில் அது கிடையாது. தனி வெற்றிடப் பம்ப் வேண்டும். பல ஜப்பானிய எஞ்சின்களில் அது ஒல்ரனேற்றரின் பின்பக்கமே வரும். எஞ்சினை வாங்கும்போது அந்த ஒல்ரனேற்றரையும் சேர்த்துக் கேளுங்கள். டிரம், சிலிண்டர், குழாய் எல்லாவற்றையும் புதுப்பித்துச் சுமையோடு ஓட்டிப் பார்த்த பிறகுதான் எஞ்சின் பேச்சு.

எந்த எஞ்சின்?

பஞ்சிகாவத்தையில் கிடைக்கும் பழைய ஜப்பானிய எஞ்சின்களில் இவை பொருத்தத்துக்கு வருகின்றன: இசுசு 4ஜேபி1 (2771 சிசி), நிசான் டீடி27 (2663 சிசி), டொயோட்டா 3எல் (2779 சிசி), டொயோட்டா 2எல் (2446 சிசி). மொரிஸ் மைனர் போன்ற சின்ன பிக்கப்புக்கு இவை அதிக கனம். அதற்கு டொயோட்டா 2சி (1974 சிசி) போன்றதைத்தான் யோசிக்கலாம். அதுவும் முன்பக்க ஸ்பிரிங்கையும் பிரேக்கையும் பலப்படுத்திய பின்னரே.

மாமாவின் வண்டிக்கு நான் முதலில் எழுதியது டீடி27. காரணம் எளிது. அதன் ரைமிங் பற்சக்கரத்தில் ஓடுகிறது, பெல்ற் அறுந்து வால்வு அடிபடும் பயம் இல்லை. டொயோட்டா எல் வகைகளில் பெல்ற் உண்டு. வாங்கினால் மாட்டுவதற்கு முன்பே புதிய பெல்ற் போடுங்கள். 2எல் எஞ்சினில் அதிகம் சூடேறினால் ஹெட் வெடிக்கும் என்பது கராஜ்களில் பழைய பேச்சு. ரேர்போ உள்ள பெரிய எஞ்சினுக்கு ஆசைப்பட வேண்டாம். சீரிஸ் லாண்ட் ரோவரின் பின் அச்சுத் தண்டுகளும் கியர்பெட்டியும் அவ்வளவு முறுக்கைத் தாங்காது.

வாங்கும்போது எஞ்சின் குளிர்ந்திருக்க வேண்டும். நீங்கள் போவதற்கு முன்பே சூடாக்கி வைத்திருந்தால் சந்தேகப்படுங்கள். எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்து ஓடவிடுங்கள். அதனூடாகப் புகை அடித்து வந்தால் ரிங்கும் லைனரும் தேய்ந்திருக்கின்றன. அமுக்கத்தை மீற்றரால் அளக்கச் சொல்லுங்கள். நான்கு சிலிண்டரும் கிட்டத்தட்ட ஒரே அளவைக் காட்ட வேண்டும்.

பொருத்தும் வேலை

பழைய கியர்பெட்டியை வைத்துக்கொண்டு எஞ்சினை மட்டும் மாற்ற, இடையில் ஒரு தகடு வேண்டும். எஞ்சின் தண்டும் கியர்பெட்டித் தண்டும் ஒரே நேர்கோட்டில் நிற்க வேண்டும். மயிரிழை விலகினாலும் கிளட்சும் பெயரிங்கும் சீக்கிரம் போகும். அளந்து கடையத் தெரிந்த லேத்காரரிடம் மட்டும் இதைக் கொடுங்கள்.

டீசல் மெதுவாகச் சுழலும், அதனால் வேகம் குறையும் என்று பலர் ஓவர்டிரைவ் தேடுகிறார்கள். மலைக்கு அது தேவையில்லை. 4.7 பின் அச்சு விகிதமும் 1.148 இடைப்பெட்டி விகிதமும் 7.50-16 டயரும் இருந்தால், மேல் கியரில் 3000 சுற்றுக்கு மணிக்கு ஏறத்தாழ 83 கிலோமீற்றர் வரும். நுவரெலியா வீதியில் இதற்கு மேல் போக இடமுமில்லை, போகவும் கூடாது.

மின்சாரத்தில் இரண்டு பொறிகள் உண்டு. லொறியிலிருந்து கழற்றிய எஞ்சினில் 24 வோல்ற் ஸ்டார்ட்டர் இருக்கலாம், உங்கள் வாகனம் 12 வோல்ற். அடுத்து, 1960களின் நடுப்பகுதிவரை வந்த லாண்ட் ரோவர்களில் பற்றரியின் நேர்முனை உடலோடு இணைந்திருக்கும். அதை மாற்றாமல் புதிய ஒல்ரனேற்றரைக் கொடுத்தால் அது எரிந்துபோகும். குளிர் விடியலுக்கு ஹீற்றர் பிளக்குகளும் பெரிய பற்றரியும் வேண்டும்.

எரிபொருளில், மிஞ்சும் டீசல் தொட்டிக்குத் திரும்ப ஒரு குழாயும் தண்ணீர் பிரிக்கும் வடியும் தேவை. பழைய பெற்றோல் தொட்டியில் ஒருபோதும் நேரடியாக வெல்டிங் வைக்க வேண்டாம். வெறுமையாகத் தெரியும் தொட்டியில் தங்கிய ஆவியே வெடிக்கும்.

மலைக் காற்று

அட்டன் 1271 மீற்றர் உயரம், நுவரெலியா 1868 மீற்றர். நுவரெலியாவில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிட ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு குறைவு. கொழும்பில் சரிசெய்த பம்ப் இங்கே அதே அளவு டீசலைத் தள்ளும், ஆனால் எரிக்கக் காற்று போதாது. அதுதான் ஏற்றத்தில் வரும் கறுப்புப் புகை. பம்பை மலைக்கு ஏற்றபடி குறைத்துச் சரிசெய்யச் சொல்லுங்கள். இழுவை சற்றுக் குறையும், ஆனால் எஞ்சின் சூடேறாது, புகைப் பரிசோதனையிலும் சிக்கல் வராது.

எஞ்சினைத் திறந்து கட்டுவதானால் அளந்து பார்த்த பிறகே பொருள் வாங்குங்கள். லைனரின் தேய்மானம், கிராங் தண்டின் வட்டம், ஹெட்டின் மட்டம் மூன்றும் அளக்கப்பட வேண்டும். நொசில்களையும் பம்பையும் பரிசோதனை மேசையில் வைத்துப் பார்க்காமல் மாட்டினால் மற்றச் செலவு வீண்.

பத்திரங்கள்

எஞ்சின் இலக்கம், கொள்ளளவு, எரிபொருள் வகை மூன்றும் வாகனப் பதிவுப் புத்தகத்தில் இருப்பவை. அவை மாறினால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு அறிவித்து, வாகனத்தைப் பரிசோதிக்கக் கொடுத்து, பதிவைத் திருத்த வேண்டும். எஞ்சின் எங்கிருந்து வந்தது என்று காட்ட விற்றவரின் பற்றுச்சீட்டும் இறக்குமதிப் பத்திரத்தின் பிரதியும் தேவைப்படும். அவற்றைத் தராத கடையில் விலை எவ்வளவு குறைவானாலும் வாங்க வேண்டாம். காசு கொடுப்பதற்கு முன்னர் தேவையான பத்திரங்களின் பட்டியலைத் திணைக்கள அலுவலகத்தில் எழுதி வாங்குங்கள். அலுவல்களைத் தமிழில் கேட்பது உங்கள் உரிமை.

சோதனைச் சாவடிகளைக் கடந்து வந்தவர்களுக்கு, பத்திரத்தில் ஓர் இலக்கமும் வாகனத்தில் இன்னோர் இலக்கமும் இருந்தால் என்ன நடக்கும் என்று விளக்கத் தேவையில்லை. 2009க்குப் பிறகு புதுக்குடியிருப்புக்கும் முள்ளிவாய்க்காலுக்கும் இடையில் குவிந்துகிடந்த ஆயிரக்கணக்கான வாகனங்களை நினைத்துப் பாருங்கள். எரிந்து, இலக்கத்தகடு போன ஒரு வாகனத்தை என்னுடையது என்று காட்ட எஞ்சுவது இரும்பில் அடித்த இலக்கமும் கையிலிருக்கும் பத்திரமும்தான். 2022இல் எரிபொருளுக்கு வந்த கியூஆர் முறையும் வாகனப் பதிவை நம்பியே நின்றது. பதிவில் பெற்றோல், தொட்டியில் டீசல் என்றிருந்தால், அப்படி ஒரு காலம் திரும்பும்போது முதலில் நிற்பது உங்கள் வண்டி. விபத்து நேர்ந்தால் காப்புறுதி நிறுவனமும் இதே கேள்வியைத்தான் கேட்கும்.

வேலை வரிசை

மாமாவுக்கு நான் எழுதிக் கொடுத்த ஒழுங்கு இது:

1. மாத ஓட்டத்தை எழுதிக் கணக்குப் பார்ப்பது.
2. சேஸியைத் தட்டிப் பார்ப்பது, உக்கிய இடத்தை வெட்டிப் புதிதாக ஒட்டுவது.
3. பதிவுப் புத்தகத்தையும் சேஸி இலக்கத்தையும் ஒப்பிடுவது, தேவையான பத்திரங்களைத் திணைக்களத்தில் கேட்பது.
4. பிரேக், ஸ்டியரிங், ஸ்பிரிங்கைப் புதுப்பிப்பது.
5. எஞ்சினைக் குளிர்ந்த நிலையில் பார்த்து, பத்திரத்தோடு வாங்குவது.
6. அளந்து திறந்து கட்டுவது, பம்பையும் நொசிலையும் பரிசோதிப்பது.
7. தகடு, மவுண்ட், வெற்றிடப் பம்ப், றேடியேட்டர், மின்சாரம், திரும்பும் குழாய்.
8. புகைப் பரிசோதனை, திணைக்களப் பரிசோதனை, பதிவைத் திருத்துவது, காப்புறுதிக்கு அறிவிப்பது.

கையில் காசு போதாவிட்டால் நான்காவது படியோடு நிறுத்திவிட்டு, பழைய பெற்றோல் எஞ்சினிலேயே ஓட்டலாம். செலவழித்தது எதுவும் வீணாகாது. ஐந்தாவதில் தொடங்கியவர்களின் எஞ்சின்கள்தான் பல கராஜ்களில் தறப்பாளின் கீழே மழையில் கிடக்கின்றன. மாமா இப்போது மூன்றாவது படியில் இருக்கிறார்.